வேப்பங்கொழுந்து என்று நான் சொன்னேன்

கண்ணு,

சோளக்காட்டு முகாமிலிருந்து நீ எழுதிய கடிதம் என் கைக்கு வந்து ஒன்பது நாளாகிறது. பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். தேவனூர் நாட்டில் ஒரு சிற்றூரில் உள்ளவர்கள் நீ கொடுத்த காய்ச்சல் மாத்திரைகளை வாங்கிக்கொண்டு, நீ திரும்பிய பிறகு ஓடையில் கொட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ஓர் ஆள் அடிவாரத்துக்கு ஓடி வேப்பங்கொழுந்து பறித்து வருகிறான், அதைத் தேனில் அரைத்து ஏழு நாள் ஊட்டுகிறார்கள், ஊட்டும் முன் தாய் ஒரு விரல் எடுத்துத் தன் நாக்கில் வைத்துப் பார்க்கிறாள், வேறு எந்த மருந்தையும் தொட மாட்டோம் என்கிறார்கள் என்று விவரமாக எழுதியிருந்தாய். இந்தப் பருவத்தில் அந்த ஊரில் மட்டும் இரண்டு குழந்தைகள் போய்விட்டன, ஒன்று உன் கண் முன்னாலேயே போயிற்று என்று எழுதிய இடத்தில் உன் கையெழுத்து கோணியிருந்தது. அதற்குக் கீழே கோபமாகக் கேட்டிருந்தாய்: ‘இந்த மடத்தனத்தை இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கீழ்நாட்டுக்காரர் ஒருவர் என்கிறார்கள். உங்களுக்கு அந்தக் காலத்தில் மலையில் பழக்கம் உண்டே, யாரைப் பார்த்துப் பேசினால் இவர்கள் கேட்பார்கள்?’

சொல்லிக்கொடுத்தவன் நான்தான் கண்ணு. யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பெயரை உனக்குச் சொல்வதற்கு முன் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்கிற திராணி இருந்திருந்தால் உன் அம்மா இருந்த காலத்திலேயே சொல்லியிருப்பேன். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. நடுவில் என்னை வெறுத்தாலும் கடைசி வரைக்கும் படித்துவிடு, ஏனென்றால் கடைசியில் உனக்கு ஒரு வேலை இருக்கிறது.

நீ இன்றைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு மருந்துப் பெட்டியோடு ஏறுகிற மலையை நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்று உனக்குத் தெரியாது. நம் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கத்தில் எந்தத் தோட்டத்தில் நின்று பார்த்தாலும் கிழக்கே மலை தெரியும். ஆனால் மலையில் ஓர் இரவு தங்கினவன் நம் ஊரில் இல்லை. தங்கினால் காய்ச்சல் பிடிக்கும், பிடித்தால் விடாது, விட்டாலும் வயிற்றில் கட்டி மாதிரி இருந்துகொண்டே இருக்கும். வியாபாரிகள் விடியும்போது ஏறி, சோளக்காட்டில் பலாவும் தேனும் சாமையும் வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். மலைத் தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள், மூங்கில் குழாயில் கீழேயிருந்து கொண்டுபோவார்கள். மேலே உள்ளவர்களோடு நாங்கள் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்டதில்லை. அவர்கள் வேறு, நாங்கள் வேறு என்று அதற்கு ஆயிரம் காரணம் சொன்னோம். யோசித்துப் பார்த்தால் அடியில் இருந்தது காய்ச்சல் பயம்தான். அதே மாதிரி அவர்களுக்கு நம்மேல் பயம். வாந்திபேதியும் அம்மையும் அவர்களுக்குக் கீழேயிருந்துதான் ஏறி வரும். கீழே நோய் என்று கேள்விப்பட்டால் பாதையை முள்வெட்டி அடைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவைத்து, தடியோடு ஆள் நிறுத்திவிடுவார்கள். இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் நோயாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதை மீறி எனக்குப் பழக்கமானவன் சடையன். கோடையில் நம் மாடுகன்று, பண்டம்பாடிகளை ஓட்டிப்போய் மேலே மேய்த்துவிட்டு, மழை விழுந்ததும் கொண்டுவந்து விடுவான். என் வயதுதான். அதிகம் பேச மாட்டான். ஒரு தடவை சோளக்காட்டுச் சந்தையிலிருந்து இறங்கும்போது நான் அவனிடம், “இந்தக் காய்ச்சல் மட்டும் இல்லீனா உங்க காட்டை வந்து பாக்கோணும்னு ஆசைதான்” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, “காய்ச்சல் இருக்கங்காட்டித்தானுங்க இந்தக் காடு எங்ககிட்ட இருக்குது. அது போச்சுன்னா நீங்கெல்லாம் ஏறி வந்துருவீங்க” என்றான். வேடிக்கையாகச் சொன்னான் என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கு நீ அந்தக் காய்ச்சலை ஒழிக்கத்தான் அங்கே போயிருக்கிறாய். அது நல்ல காரியம்தான். ஆனால் சடையன் சொன்னதையும் எங்கேயாவது ஞாபகம் வைத்துக்கொள்.

நீ பிறந்து ஒன்றரை வயது நடந்துகொண்டிருந்தபோது நம் ஊருக்கு வாந்திபேதி வந்தது. முதலில் வண்ணாத்துறைப் பக்கத்தில் இரண்டு பேர். பிறகு நம் தெரு. உன் பெரியப்பா காலையில் கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து படுத்தவர் மறுநாள் இல்லை. பெரியம்மா அவருக்குத் துணி மாற்றிக்கொண்டே இருந்தாள். அதற்கடுத்த நாள் அவளும் இல்லை. பாடை கட்ட ஆள் வரவில்லை. பறை இல்லை, ஒப்பாரி இல்லை. ‘அழுதால் இன்னும் கேட்கும்’ என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் உன் அம்மாவும் இரண்டு பேரையும் ஒரே கட்டைவண்டியில் போட்டுக்கொண்டு போனோம். மண்வெட்டியை நான் பிடித்தேன், மண்ணை உன் அம்மா தள்ளினாள். அதுவரைக்கும் நம் சனத்தில் பெண்கள் சுடுகாட்டு எல்லையை மிதித்ததில்லை. அந்த வருசம் எத்தனையோ பேர் மிதித்தார்கள், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோய் போனதும் பழைய கட்டுப்பாடு திரும்பி வந்துவிட்டது, மிதித்தவர்களே மற்றவர்களை மிதிக்கக் கூடாது என்று சொன்னார்கள். உன் அம்மா மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

வண்டியிலிருந்து இறங்கியதும் அவள் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, “ஏனுங்க, இங்க இருந்தா மூணு பேரும் போயிருவமுங்க. சடையன்கிட்டப் போயரலாமுங்க” என்றாள். அந்தக் காலத்தில் கொயினாத் தூளைத் தபாலாபீசில்தான் விற்பார்கள்; போகிற வழியில் அங்கே இருந்ததை எல்லாம் வாங்கினேன். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம். மலைக்காய்ச்சலுக்கு அதுதான் மருந்து என்று கீழே எங்களுக்குத் தெரியும். மேலே யாருக்கும் அது தெரியாது.

பாதை அடைத்திருந்தது. முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்ற இளவட்டங்கள் எங்களைப் பார்த்ததும் தடியை ஓங்கினார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சடையன் பெயரைச் சொன்னேன். ஒருத்தன் கல்லை எடுத்தான். திரும்பி அரை மைல் இறங்கியிருப்போம், பக்கத்துக் காட்டுக்குள்ளிருந்து சடையன் வந்தான். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். உன்னை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஆடு போகிற தடத்தில் எங்களை ஏற்றிக் கூட்டிப்போய், ஊருக்கு வெளியே தன் சாமைக்காட்டுக் குடிசையில் விட்டான். “ஏழு நாளு இங்கயே இருங்க. கூழு எங்கூட்டுக்காரி அந்தப் பாறை மேல வெச்சுருவா. ஏழு நாளு கழிச்சு ஒண்ணுமில்லீனா ஊட்டுக்கு வாங்க” என்றான். ஊருக்குத் தெரிந்தால் அவனுக்கு நெருப்பும் தண்ணீரும் கொடுக்க மாட்டார்கள், அவன் மகளை யாரும் கட்ட மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஏழு நாளும் பாறை மேல் கூழ் கொண்டுவந்து வைத்தவள் வெள்ளையம்மா, அவன் சம்சாரம். கூடவே அவர்களுடைய மகள் வருவாள். பாப்பாயி என்று பெயர், மூன்று வயசு. தூரத்தில் நின்று உன்னைப் பார்த்துக் கையை ஆட்டுவாள், நீ குடிசை வாசலிலிருந்து ஆட்டுவாய். எட்டாம் நாள் எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனபோது அந்தப் பெண் உன்னை விட்டு நகரவேயில்லை. ஊருக்கு விசயம் தெரிந்து நாலு பேர் வந்து சத்தம் போட்டார்கள். சடையன், “ஏழு நாளாச்சுங்க, நோவு இல்லீங்க. இருந்தா மொதல்ல எங்கூட்டுலதான வரும்” என்று ஒரே வார்த்தையில் நின்றுவிட்டான். வாந்திபேதி எங்களோடு ஏறி வரவில்லை. அவ்வளவு நல்ல காலம் எங்களுக்கு இருந்தது.

பிறகு மழை பிடித்தது. மழையோடு மலைக்காய்ச்சலும் வந்தது. முதலில் உன் அம்மாவுக்கு. பல் கிட்டிக்கொண்டு நடுங்கும், பிறகு உடம்பு அடுப்பாகக் கொதிக்கும், வேர்த்து விடும், ஒரு நாள் விட்டு மறுபடி வரும். நான் யாருக்கும் தெரியாமல் அவளுக்குக் கொயினா கொடுத்தேன். ஏன் தெரியாமல் கொடுத்தேன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? மலையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். தெரிந்தால் எல்லோரும் கேட்பார்களே என்ற பயம். அவள் எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு நீ விழுந்தாய். அதே சாயங்காலம் பாப்பாயியும் விழுந்தாள். இரண்டு பேரையும் ஒரே பாயில்தான் போட்டிருந்தது. என் மடியில் ஏழு பொட்டலம் மீதி இருந்தது.

உனக்குக் காலையில் ஒரு வேளை, தூளைத் தேனில் குழைத்து, வெள்ளையம்மா ஓடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து ஊட்டினேன். இரண்டாம் நாள் காலையில் நீ பாதியைத் துப்பிவிட்டாய். அவள் அப்போது உள்ளே வந்துவிட்டாள். உன் கடைவாயில் ஒழுகின தேனை விரலால் துடைத்து, வழக்கமாகப் பெண்கள் செய்கிற மாதிரி நாக்கில் வைத்துக்கொண்டாள். அவள் முகம் சுருங்கினது.

“அண்ணா, தம்பி வாயி இந்தக் கசப்புக் கசக்குதுங்களே. என்னங்க ஊட்டறீங்க?”

மகள் பக்கத்தில் கொதித்துக்கொண்டு கிடக்கிறாள். அவள் அதற்காகத்தான் கேட்டாள். நான், “வேப்பங்கொழுந்து” என்றேன். “கீழயிருந்து வரும்போது கொஞ்சம் கொண்டாந்தேன். தேன்ல அரைச்சுக் குடுக்கறது. தீந்துபோச்சு.” ஒரு பொய்யை இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு விவரமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அந்த உயரத்தில் வேம்பு வராது. வெள்ளையம்மா சடையனைப் பார்த்தாள். அவன் உடனே கம்பை எடுத்தான். கீழே வாந்திபேதி, அடிவாரத்துக் கிணற்றடியிலேயே பிணம் கிடக்கிறது என்று பேச்சு. “வேண்டாம் சடையா” என்றுகூட நான் சொல்லவில்லை. அவன் போய், மறுநாள் பொழுது இறங்குவதற்குள் மடி நிறையக் கொழுந்தோடு திரும்பி வந்தான். ஊருக்குள் வரக் கூடாதே என்று வெளியே நின்று, கொழுந்தை மட்டும் பாறை மேல் வைத்துவிட்டு, மறுபடி அந்தக் குடிசைக்கே போய் ஏழு நாள் உட்கார்ந்துகொண்டான். வெள்ளையம்மா அரைத்தாள். தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். “தம்பிக்குக் குடுத்த கசப்பு இன்னும் சாஸ்திங்க” என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கொழுந்து சேர்த்தாள். பாப்பாயி அலறிக்கொண்டு துப்பினாள். அவள் கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினாள்.

உன் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, “ஏனுங்க, குடுத்துருங்க” என்றாள். “ரெண்டு பேருக்கும் பாதி பாதி குடுத்தா ரெண்டு பேரும் பொழைக்க மாட்டாங்க” என்றேன். அது மெய்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நீ அதைப் படித்தவன், உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குச் சொல்லாதே.

இதுவரைக்கும் சொன்னதைக் கேட்டு ‘பெற்ற பிள்ளைக்காகத்தானே’ என்று நீ ஒருவேளை மன்னிக்கலாம். ஐந்தாம் நாளைச் சொல்கிறேன். அன்றைக்குக் காலையில் உனக்கு வேர்த்து, உடம்பு குளிர்ந்து, கண்ணைத் திறந்து கூழ் கேட்டாய். என் மடியில் இரண்டு பொட்டலம் மிச்சம் இருந்தது. பாப்பாயிக்கு உயிர் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், ‘இது எங்கேயிருந்து வந்தது? இத்தனை நாள் எங்கே இருந்தது?’ என்று வெள்ளையம்மா கேட்பாள். உனக்கு மறுபடி காய்ச்சல் திரும்பினால் வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு பொய். நான் பயந்தது அவள் பார்வைக்கு. அன்றைக்குப் பகல் முழுக்க அந்த இரண்டு பொட்டலத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஆறாம் நாள் மத்தியானம் பாப்பாயி போய்விட்டாள். சடையன் இன்னும் அந்தக் குடிசையில்தான் இருந்தான். வெளியே நின்று கூப்பிட்டுச் சொன்னார்கள். அவன் தன் மகளைத் தூரத்திலிருந்துதான் பார்த்தான்.

நாங்கள் இறங்கிவந்த அன்று வெள்ளையம்மா உன்னை வாங்கி முத்தம் கொடுத்து உன் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள். என்னிடம், “நீங்க மொதல் நாளே ஆரம்பிச்சீங்க. எங்களுக்குத்தான் ரெண்டு நாளு தாமசமாயிருச்சு. அதானுங்க” என்றாள். அவள் என்மேல் குறை சொல்லவில்லை. தன்மேல் சொல்லிக்கொண்டாள். நான் தலையை ஆட்டினேன். வழியில் ஓடை ஒன்று வந்தது. அந்த இரண்டு பொட்டலத்தையும் அதில் போட்டேன்.

கீழே வந்து பார்த்தால் ஊர் பாதியாகிவிட்டது. தெற்குத் தெரு முழுக்கப் பூட்டு. பூட்டினவர்கள் திரும்பி வரவில்லை. மாரியம்மனுக்கு எல்லையில் புதிதாக ஒரு கல் நட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் அங்கே எல்லை என்று ஒன்றை யாரும் நினைத்ததே இல்லை. மிஞ்சின குடும்பங்கள் அவசர அவசரமாக மிஞ்சின பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். முன்பு ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காதவர்கள் சம்பந்தி ஆனார்கள். வெளியூருக்குப் போய்வந்தால் வாசலில் கால் கழுவாமல் உள்ளே வரக் கூடாது என்று உன்னை அம்மா அதட்டுவாளே, அது அந்த வருசத்தில் வந்தது. நாற்பது வருசம் கழித்து அதை ஆசாரம் என்பார்கள். நம்முடைய ஆசாரங்களில் எத்தனை இப்படி ஏதோ ஒரு நோய் வந்துபோன இடத்தில் படிந்த வண்டல் என்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். யார் பயந்தார்கள், யார் செத்தார்கள் என்பது மறந்துவிடும், செய்கை மட்டும் நிற்கும். நான் சொன்ன பொய்யும் அப்படி ஆகும் என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. அது பாப்பாயியோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் மலை ஏறவில்லை. மறு கோடையில் சடையன் பண்டம்பாடி கேட்டு வந்தான். வேறு ஆளிடம் சொல்லிவிட்டேன் என்றேன். அவன் உன்னைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, “வாரேனுங்க” என்று போய்விட்டான். நாலைந்து வருசத்தில் அவனும் காய்ச்சலில் போனான் என்று சந்தையில் சொன்னார்கள். நான் துக்கம் கேட்கப் போகவில்லை. உன் அம்மா என்னை ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. ஆனால் உனக்கு உடம்பு சுடும்போதெல்லாம் உன்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை ஒரு தடவை பார்ப்பாள். நீ சுகாதார இன்ஸ்பெக்டர் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ.

மூன்றாவது தடவை எழுதினதையும் கிழித்துப் போட்ட பிறகு, நேற்று விடியும்போது கம்பை எடுத்துக்கொண்டு ஏறினேன். இந்த முழங்காலோடு எப்படி ஏறினேன் என்று கேட்காதே. முதலில் சோளக்காட்டில் உன் முகாமுக்குப் போனேன். உன்னைப் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே போனேன்; நீ மருந்து கொண்டுவரச் சேலம் போயிருக்கிறாய் என்றார்கள். அங்கிருந்து தேவனூர் நாட்டுக்கு. ஊர் மாறவில்லை. வெள்ளையம்மா வீட்டுப் பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று நட்டிருக்கிறார்கள், அது இடுப்பு உயரத்துக்கு மேல் வராமல் நிற்கிறது. அதைச் சுற்றி மஞ்சள் துணி. அவள் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து கொழுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. “அண்ணனுங்களா? தம்பி நல்லா இருக்கானுங்களா?” என்றுதான் முதலில் கேட்டாள். “மாத்திரை கொண்டுவந்தானே, தொப்பி போட்டுக்கிட்டு, அவன்தான்” என்றேன். “தூரத்துல பாத்தனுங்க. எனக்குத் தெரியலீங்களே” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு பொட்டலத்தையும் சொன்னேன். கடைசி இரண்டையும் சொன்னேன்.

அவள் கை கொஞ்ச நேரம் அம்மியில் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

“அப்ப அது வேம்பு இல்லீங்களா?”

“இல்லம்மா.”

“ரெண்டு நாளு முன்னாடியே ஆரம்பிச்சிருந்தாலும்?”

“அது கேட்டிருக்காது.”

அவள் அரைத்ததைப் பார்த்துக்கொண்டு, “இத்தன வருசமா நானு என்னையத்தானுங்க வைஞ்சுட்டு இருந்தேன்” என்றாள். அழவில்லை. நான் அவள் காலில் விழப் போனேன். கையை நீட்டித் தடுத்தாள், தொடவில்லை. “போன மாசம் ரெண்டு புள்ளைக” என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. மாத்திரையை ஓடையில் கொட்டச் சொன்னது தான்தான் என்று சொன்னாள்.

காத்திருந்த பெண்ணுக்கு நாங்கள் பேசினது பாதிதான் புரிந்திருக்கும். “அத்தெ, அரைச்சாச்சுங்களா? புள்ள ரொம்பச் சுடுதுங்க” என்றாள். வெள்ளையம்மா என்னைப் பார்த்தாள். “இப்ப இவளுக்கு நானு என்னத்தங்க சொல்லட்டும்?”

கண்ணு, என் கையில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு இருந்தது, கொடுக்கவில்லை. நேற்று கொடுக்கத் தவித்தேன், இல்லை. அவள் வேறு வழி இல்லாமல், அந்தப் பெண்ணிடமே அரைத்ததைக் கொடுத்தாள். பெண் ஒரு விரல் எடுத்துத் தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் குழந்தைக்கு ஊட்டினாள்.

நான் எழுந்தபோது வெள்ளையம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “அவன வரச் சொல்லுங்க. அவன் குடுத்தா இங்க யாரும் புள்ளைகளுக்கு ஊட்ட மாட்டாங்க. எங்கையில குடுக்கச் சொல்லுங்க, நானு ஊட்டறேன்.”

“நானும் கூட வரட்டுமா?” என்றேன்.

“நீங்க வேண்டாமுங்க.”

இறங்கும்போது முகாமில் அந்தக் குழந்தைக்காக நாலு மாத்திரை கேட்டேன். கம்பவுண்டர் காலிப் பெட்டியைத் திறந்தே காட்டினார். “இன்ஸ்பெக்டர் வந்தாத்தானுங்க” என்றார். உனக்கும் இப்படிப் பெட்டி காலியாகிற நாள் இன்னும் வரும். ஒரு பாயில் இரண்டு பிள்ளைகள் கிடக்கும், உன்னிடம் ஒன்றுக்குத்தான் இருக்கும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இவ்வளவு மட்டும் செய்: இவ்வளவுதான் இருக்கிறது என்று பெட்டியைத் திறந்து அவர்களுக்குக் காட்டு. அவர்கள் திட்டட்டும், அடிக்கட்டும். மறைக்காதே. அவர்கள் செய்கிற எதையும் மடத்தனம் என்று சொல்லிவிடாதே. அதற்குப் பின்னால் யாருடைய பிள்ளை கிடக்கிறதோ உனக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்தைக் காளப்பநாயக்கன்பட்டியில் நீ பஸ்ஸைவிட்டு இறங்கும் இடத்தில் டீக்கடைக்காரரிடம் கொடுத்து வைக்கிறேன். நம் வீட்டுக்கு வராதே. பதில் எழுதவும் உட்காராதே, என்னைத் திட்டுவதற்கு நாள் இருக்கிறது. நேற்று அங்கே காத்திருந்தது பெண் குழந்தை, ஒரு வயசு இருக்கும். நான் பார்த்தபோது காய்ச்சலுக்கு இரண்டாம் நாள். வெள்ளையம்மா வீட்டுக்கு நேராக மேலே போ.

அப்பா